இரண்டு வரித் தட்சிணாமூர்த்தி

தட்சிணாமூர்த்தி பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். 'தட்சிணா' மட்டும் மிச்சம். மூர்த்தி இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள்.

"பாவம்ப்பா, இன்னொரு வரி குடு. கொஞ்சம் தடிமனாவும் ஆக்கு" என்றாள் பக்கத்து இருக்கை நிவேதிதா.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாம் மாடி அலுவலகம். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களுக்கென்றே ஓர் இணையதளம் செய்துகொண்டிருந்தார்கள். அதில் காலமானவர் பெயரைக் காட்டும் டெக்ஸ்ட் காம்போனென்ட் என்ற நிரல்துண்டு வேம்புலியின் பொறுப்பு. அளவு, கனம், நிறம் என்று எது சொன்னாலும் கேட்கும். நீளமான பெயரைக் கண்டால் மட்டும் பாதியில் கைகழுவிவிடும்.

சோதித்துப் பார்க்க நீளமான பெயர் வேண்டுமே! ஆபீசிலேயே நீளம் மேனேஜர் தட்சிணாமூர்த்தியின் பெயர்தான். படம், சொந்த ஊர் எல்லாம் அசலாகவே போட்டான். 'தொடர்புக்கு' என்ற இடத்தில், செத்தவருக்கே போன் போட்டுத் துக்கம் விசாரிக்கும்படி அவருடைய செல் நம்பர்.

இரண்டு வரி கொடுத்தான். கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தான். தட்சிணாமூர்த்தி முழுசாக, லட்சணமாக வந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மாலை தளத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, நிம்மதியாக வெள்ளானூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

திங்கள் காலை நிவேதிதா வாசலிலேயே மறித்தாள். "சாம்பிளை எடுக்காமலே ஏத்திட்டியே! சார் ரெண்டு நாளா ஊருக்கெல்லாம் செத்துப் போயிருக்கார்."

வேம்புலிக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலே நாள். "எத்தினி பேரு பார்த்துகீறாங்க?"

"நாலாயிரத்து முந்நூறு. பாதிப் பேர் அவர் ஊர்க்காரங்க."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அந்த நம்பருக்கு எவனாவது கூப்பிட்டிருந்தா, சார் இந்நேரம் நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரே."

"கரெக்ட்டு. அப்போ சத்தமில்லாம தூக்கிடறேன்."

கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேம்புலி, இங்க வாப்பா."

அறைக்குள் மேனேஜர் தன் அஞ்சலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிவாக்கம் ஃப்ளாட்டில் தனியாக இருப்பவர். சனி, ஞாயிறு சரியாகத் தூங்கவில்லை என்று கண்களே சொல்லின. மேஜைமேல் செல்போன் சார்ஜரில் கிடந்தது.

"சார், தப்பு என்னுதுதான். ஊட்ல நான் ஒருத்தன்தான் சார் சம்பாரிக்கிறேன். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. இதோ, இப்பவே தூக்கிடறேன்."

"எப்ப ஏத்தின?"

"வெள்ளிக்கிழம சாயங்காலம் சார்."

"நம்பர்ல ஒண்ணும் தப்பில்லையே?"

"இல்ல சார். பத்தும் கரெக்ட்டா கீது."

அவர் திரையில் விரல் வைத்துப் பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. வேம்புலி மெல்ல மவுஸை நோக்கிக் கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதப்பா. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்கு... யார் கண்ணுலயும் படல போலிருக்கு."