கொய்யாப் புளிப்பு

சாப்பாட்டுக் கடையில் வரிசையாக வைத்திருந்த பானைகளில் மூன்றாவதன் மூடியை மரிவிக் தூக்கிப் பார்த்தாள்.

சினிகாங். இதைச் சாப்பிடத்தான் வந்திருந்தாள்.

“பன்னி எலும்பு போட்ட புளிப்புக் கொழம்பு, மகாராணி. பாத்துக்கிட்டே நின்னா வயிறு ரொம்பாது, உக்காருங்க” என்றாள் கடைக்காரி நெனித்தா. சாப்பிட்டுக்கொண்டிருந்த ட்ரைசைக்கிள் ஓட்டுநர்கள் இருவர் சிரித்தார்கள்.

மரிவிக் சிரிக்கவில்லை. நெனித்தாவின் நரைத்த முன்முடியையும் ஈரக் கைகளையும் கறை படிந்த சட்டையையும் பார்த்தாள். அழகி என்று சொல்ல முடியாது. அதுவே அவளை மேலும் கலக்கியது.

ஹாங்காங்கில் ஒன்பது வருடம் அடுத்தவர் வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு அவள் பிலிப்பைன்ஸில் தன் ஊரான லிப்பாவுக்குத் திரும்பி எட்டு நாள்தான் ஆகிறது. நேற்று மகள் ஜோவிக்கென்றே சினிகாங் வைத்தாள். ஒரு வாய் குடித்த ஜோவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இது அது இல்லம்மா. நெனித்தா ஆன்ட்டி வைக்கிறதுதான் சினிகாங்.”

பதினொரு வயதுப் பெண். தெரியாமல் சொல்கிறாள் என்று விட்டிருக்கலாம். ஆனால் ட்ரைசைக்கிள் ஓட்டும் கணவன் ரொடெல் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவன் இத்தனை வருடமும் மதியம் சாப்பிட்டது நெனித்தா கடையில்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி இன்று காலையில் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

கிண்ணம் வந்தது. கூடவே சோறு.

முதல் வாய் குடித்தாள். புளி இல்லை. வேறொரு புளிப்பு. இரண்டாவது வாயில்தான் பிடிபட்டது.

கொய்யா.

இது என்ன புதுப் பழக்கம்? மரிவிக் புளிப்பொடி பாக்கெட்தான் போடுவாள். ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு சேர்ந்து சமைக்கும்போதும் அதுதான்.

குறை கண்டுபிடிக்கவென்றே இன்னொரு வாய் குடித்தாள். கிடைக்கவில்லை. தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. இந்தக் கைக்குத்தான் அவன் மயங்கிக் கிடக்கிறான்.

“கொய்யாப்பழம் போட யாரு சொல்லிக் கொடுத்தா?”

சண்டைக்காரியின் குரலில் வந்துவிட்டது கேள்வி.

நெனித்தா கோபப்படவில்லை. எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அதை ஏன் கேக்குறீங்க! ஒம்போது வருசம் இருக்கும், ஒரு டிரைவர். ரெண்டு வயசுக் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். அம்மாக்காரி வெளிநாடு போயிட்டா, மூணு நாளா கொழந்தை ஒண்ணும் சாப்பிடலன்னு அழுவுறான். அவ வைக்கிற மாதிரியே வேணுமாம். கொய்யாவையும் அவனே பறிச்சுட்டு வந்திருக்கான். அடுப்புப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, ‘இது இல்லக்கா, இன்னும் வரலக்கா’ன்னு என் உசிரை வாங்கிட்டான். அஞ்சாவது தடவை ஊட்டினப்பதான் அந்தக் கொழந்தை வாயைத் தொறந்துச்சு.”

மரிவிக்கின் கரண்டி கிண்ணத்துக்குள் நழுவியது.

கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த வீடு. பின்பக்கம் ஒரு கொய்யா மரம். புளி வாங்கக் கையில் காசில்லாத ஒருநாள், பழங்களைப் பறித்து வேகவைத்து, மசித்து ஊற்றியது அவள்தான். ரொடெல் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். பிறகு ஹாங்காங் கிளம்பும்வரை அந்த வீட்டில் அப்படியேதான் வைத்தாள்.

நெனித்தா சொல்லும்வரை அது ஞாபகத்துக்கு வரவில்லை. குடித்த மூன்று வாயிலும் வரவில்லை.

நெனித்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பக்கம் உங்களைப் பாத்ததே இல்லையே. ஊருக்குப் புதுசா?”

“ஆமா” என்றாள் மரிவிக்.