கழுதையின் முட்டை வலி

நரி டாக்டரைப் பார்க்க ஆளுக்கு ஒரு மூட்டை கொள்ளு கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஒரு தொழுவத்தில் ஒரே வாரத்தில் கழுதைக்கு முழங்கால் வலி, ஆட்டுக்கு இருமல், கோழிக்கு முட்டையிடும்போது வலி. இருந்ததோ ஒரே மூட்டை.

"நீயே போய் எல்லாம் உனக்குன்னு சொல்லிடு அண்ணே. மருந்தைப் பிரிச்சுக்கலாம்" என்றது கோழி, கழுதையிடம்.

மூட்டையைக் கொடுத்து டோக்கன் வாங்கி, அரை நாள் காத்திருந்து உள்ளே போன கழுதை, மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தது. "முழங்கால் வலிக்குதுங்க டாக்டர். இருமல் இருக்குங்க. அப்புறம்... முட்டை போடும்போது சுருக்குன்னு குத்துதுங்க."

நரி தலையை நிமிர்த்தவே இல்லை. "எத்தனை நாளா குத்துது?"

"நாலு நாளாங்க."

"ஸ்கேன் எடுத்துடுவோம்."

ஸ்கேனைப் பார்த்து நரி உதட்டைப் பிதுக்கியது. "முட்டை குறுக்கே நிக்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும். அதுக்குக் கட்ட வேற கொள்ளு இல்லேன்னா ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்குப் பொதி சுமந்து கழிச்சிடுங்க."

கழுதை கணக்குப் போட்டுப் பார்த்தது. பொதி சுமப்பதாவது பழகிய வேலை. உண்மையைச் சொன்னால் ஆட்டுக்கும் கோழிக்கும் தனித்தனி மூட்டை கேட்பார்களே, அதற்கு எங்கே போவது? கழுதை மேஜைமேல் ஏறிப் படுத்தது.

கண் விழித்தபோது வயிற்றில் பதினெட்டுத் தையல்.

"முட்டையை எடுத்தாச்சு" என்று நரி முதுகில் தட்டிக்கொடுத்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றது கழுதை ஈனக்குரலில். "இனிமே கோழிக்கு வலிக்காதுல்ல?"

"கோழியா? அதுக்குத் தனியா டோக்கன் போடணும்."