நாற்பத்தோராம் வரி நிற்க வேண்டிய இடம்

முறுக்குக் கடை ஒன்றின் இணையதள நிரலுக்குள் நாற்பத்தோராம் வரி என்று ஒரு வரி இருந்தது. "வாங்கு" என்னும் பொத்தானுக்கு வண்ணம் பூசுவதே அதன் வேலை. அன்று மாலை கடைக்காரர் தளத்தைப் பார்க்க வருவதாக இருந்தார். பொத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வரியின் கதை முடிந்துவிடும்.

நிரலை எழுதிய மங்கையர்க்கரசி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இரண்டு கருவிகள் ஓடிவந்தன. வரிகளை ஒழுங்காக நிறுத்துவது அடுக்கி. அவற்றில் குற்றம் கண்டுபிடிப்பது நோண்டி.

"ஓரத்திலிருந்து இரண்டு இடம் தள்ளி நில்லும்!" என்றது அடுக்கி. வரி நகர்ந்தது.

"யாரய்யா இவரை இங்கே நிறுத்தியது? நான்கு இடம் தள்ளி நில்லும்!" என்றது நோண்டி. வரி மறுபடியும் நகர்ந்தது.

பதினேழாம் முறை வரிக்கு மூச்சு வாங்கியது. "ஐயாமாரே, நான் எங்கே நின்றால் என்ன? வெள்ளைப் பொத்தானில் வெள்ளை எழுத்து என்றல்லவா என்னில் எழுதியிருக்கிறது! அது எவர் கண்ணுக்குத் தெரியும்? அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அது எங்கள் வேலை இல்லை. ஆடாமல் நில்லும்," என்றன இரண்டும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குரலில். அந்த ஒற்றுமை இனித்ததால், மூன்று இடம் என்று சமாதானமும் ஆயின.

மாலையில் கடைக்காரர் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். "முறுக்கு இருக்குது, விலை இருக்குது. வாங்குறது எங்கேம்மா?"

மங்கையர்க்கரசி முகம் சிவந்து அந்த வரியை அடியோடு அழித்தாள்.

காலியான இடத்தை அடுக்கியும் நோண்டியும் வெகுநேரம் உற்றுப் பார்த்தன.

"பார்த்தீரா ஓய்," என்றது நோண்டி, "இப்போதுதான் ஒழுங்காக நிற்கிறார்."