அஞ்சரை மணிக்கு

"கடைசியா எப்ப அவர் நல்லா இருந்தார்? யோசிச்சு சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர் கிருஷ்ணப்ரியா.

"ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாக. காலையில சொசைட்டியில பாலை ஊத்திட்டு வந்து ஏழு மணிக்கு எழுப்புறேன், வாய் கோணிக் கெடக்காக" என்று தேம்பினாள் ஈஸ்வரி.

டாக்டரின் முகம் மாறியது. "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. தொடை வழியா மெல்லிய குழாய் விட்டு, அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியை எடுத்துடலாம். ஆனா ராத்திரியே அடைச்சிருந்தா, இப்ப எடுக்கப் போய் உள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்து."

"அஞ்சரை மணிக்கு நல்லா இருந்தான் டாக்டர்."

ஈஸ்வரி திரும்பினாள். வாசலில் கருத்தையா. அவள் புருஷன் வேல்பாண்டியின் அண்ணன். பொதுக் கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிறது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்?



"இந்தாளை நம்பாதீக டாக்டர்! தப்பா நேரத்தைச் சொல்லி அவுகளை முடிக்கப் பாக்குறாரு. அப்புறம் கெணத்துல எங்க பங்கைக் கேக்க நாதி இருக்காதுல்ல!"

டாக்டர் அவரைப் பார்த்தார். "நீங்க எங்க பாத்தீங்க?"

"இவ பாலுக்குக் கெளம்புனதும் டீக்கடைக்கு வந்துருவான் டாக்டர். ரெண்டு பேரும் தெனமும் ஒண்ணாத்தான் டீ குடிப்போம். இவ வர்றதுக்குள்ள ஓடிப்போயி இழுத்துப் போத்திப் படுத்துக்குவான். இன்னைக்கும் சிரிச்சுப் பேசிட்டுத்தான் போனான்."

தினமும் விடிந்தும் தூங்குகிறான் என்று அவள் திட்டாத திட்டில்லை. அதற்காக இந்தக் கதையை நம்பிவிடுவாளா?

"பச்சைப் பொய்! அவுக என் பேச்சை மீற மாட்டாக."

"மீறல தாயி." கருத்தையாவின் குரல் உடைந்தது. "அண்ணன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு பிள்ளையார்பட்டியில வச்சு சத்தியம் வாங்குனியாம்ல? இன்னை வரைக்கும் மிதிக்கல. நான் கூப்பிட்டும் வரல. அதான் டீக்கடை."

ஈஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சத்தியம் அவளையும் வேல்பாண்டியையும் தவிர யாருக்கும் தெரியாது.

"நேரம் போகுதும்மா" என்றார் டாக்டர்.

ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சான் சொல்றதுதான் நெசம் டாக்டர். பொழைச்சு வரட்டும், நானே கையைப் புடிச்சு இவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."