பொடிக்கொசுப் புகை

"பொழுது சாயுது. புகை போடலியாட்டி?"

மாமியார் சொர்ணம்மாளின் குரல் கேட்டதும் சண்முகவடிவு வேலியை விட்டு நகர்ந்தாள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் திரும்பி வந்தால் வேலியை ஒட்டிய பாதையில்தான் வரவேண்டும். கைப்பிள்ளை இன்னும் அப்பன் முகம் பார்த்ததில்லை.

காயல் கரையில் வீடு. விடியலிலும் அந்தியிலும் காற்று அடங்கினால் போதும், சேற்றிலிருந்து பொடிக்கொசு கிளம்பிவிடும். கண்ணுக்கே தெரியாது, கடித்தால் தீப்பொறி பட்ட மாதிரி எரியும். பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கதவை அடைத்துவிட்டு, முற்றத்தில் நொச்சித் தழையும், தேங்காய் உரித்த மட்டையான கதம்பையை ஈரத்தோடும் போட்டுப் புகைக்க வேண்டும்.

முன்பெல்லாம் மாமியார்தான் புகை போடுவாள். ஒருநாள் அந்தியில் வடிவு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பக்கத்து வீட்டு ரத்தினம் பார்த்துவிட்டாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல அழுதா, கடல் தாண்டிப் போனவனுக்கு ஆகுமாட்டி?"

மறுநாளிலிருந்து புகை வேலை மருமகளுக்கு. கதம்பை காய்ந்திருந்தால் சொர்ணம்மாள் அதில் தண்ணீர் வேறு தெளிப்பாள். ஊதி ஊதி வடிவின் கன்னமெல்லாம் கண்ணீர் வழியும். 'பெத்த மகளைன்னா இப்படிப் புகையில இருத்துவாளா?' என்று நினைப்பாள். அந்த நினைப்போடு அவன் நினைப்பும் வந்துவிடும்.

அன்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து காற்று தென்னையை உலுக்கிக்கொண்டிருந்தது.

"தொழுவத்து மறைவுல வச்சுப் புகை போடு," என்றாள் சொர்ணம்மாள்.

ரத்தினத்துக்கே பொறுக்கவில்லை. "மைனி, இந்தக் காத்துல பொடிக்கொசு ஏது? மருமவள எதுக்குப் போட்டு வதைக்கிய? கண்ணு வீங்கிக் கெடக்கு பாருங்க."

"எனக்குத் தெரியும். நீ உன் சோலியப் பாரு."

"நல்ல மாமியாதான்," என்று முணுமுணுத்தபடி ரத்தினம் போனாள்.

சொர்ணம்மாள் இன்னொரு கை ஈரக் கதம்பையை அள்ளிப் போட்டாள். புகை திரண்டு இரண்டு பேரையும் மூடியது.

"இதுக்குள்ள அழுதா எவளுக்குத் தெரியப் போவுது? அழு மக்கா."

வடிவு ஊதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் நீங்கி இரு." சொர்ணம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் பெத்தவன்லா அவன்."