கறுப்புக் கோட்டு

“ஏண்ணே, கறுப்புக் கோட்டு போட்டவனெல்லாம் வக்கீலா?” என்று மெய்யம்மை சிவப்புப் பென்சிலால் மேசையைக் குத்தினாள்.

“எல்லா வக்கீலும் கறுப்புக் கோட்டு போடுவாங்கன்னு கேள்வியிலயே இருக்கு. அதுல வர்ற ராதாகிருஷ்ணன் கறுப்புக் கோட்டு போட்டிருக்கார். அப்ப அவர் வக்கீல்தானே?” என்றான் அண்ணன் சோலையப்பன்.

“தப்பு. ‘சொல்ல முடியாது’ங்கிறதுதான் சரி.”

“ஏன்?”

“ஏன்னா... புத்தகத்துல பின்னாடி அப்படித்தான் போட்டிருக்கு. பேசாம மனப்பாடம் பண்ணு.”

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போன வருடம் சோலையப்பன் அதை எழுதிக் கோட்டை விட்டிருந்தான். மலேசியாவின் கிள்ளான் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவர்களுடைய அப்பா நாச்சியப்பன் கெடு வைத்துவிட்டார். “நம்ம வீட்டுலேருந்து ஒரு வக்கீல் வரணும். இந்தத் தடவையும் போச்சுன்னா, நேரா கடைக்கு வந்து துணியைக் கிழி!”

எஸ்டிபிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் அண்ணனைவிட மெய்யம்மைக்குத்தான் மதிப்பெண் அதிகம். மேலே படிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. “பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும்” என்று அப்பா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. தனக்குக் கிடைக்காத வாய்ப்பை இவன் பாழாக்குகிறானே என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் கேட்டதும் விடை திருத்த உட்கார்ந்தது அதனால்தான்.

மறுநாளும் அவன் அதே தப்பைச் செய்தான்.

“நேத்துதானே சொன்னேன்!”

“நீ எங்க சொன்ன? புத்தகம் சொல்லுதுன்னு சொன்ன. எனக்கு விளங்குற மாதிரி சொல்லு லா.”

வெங்காயம் உரிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மெய்யம்மை அதையே யோசித்தாள். சாயங்காலம் அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“எல்லா லோரிக்கும் சக்கரம் இருக்கு. சக்கரம் இருக்கிறதெல்லாம் லோரியா? உன் சைக்கிள் லோரியா? ஹோட்டல்ல பாண்டு வாசிக்கிறவரும் கறுப்புக் கோட்டுதான் போடுறார். அவரைக் கூப்பிட்டு கேஸ் நடத்தச் சொல்லுவியா?”

சோலையப்பன் கைதட்டிச் சிரித்தான். “இப்ப விளங்கிருச்சு!”

அதற்குப் பிறகு அந்தத் தப்பை அவன் செய்யவில்லை. புதிது புதிதாக வேறு தப்புகள் செய்தான். கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதினான். ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுது, மற்றதற்கு நேரமில்லாமல் விழித்தான். ஒவ்வொரு தடவையும் “ஏன்?” என்று கேட்டு அவள் உயிரை வாங்கினான்.

“அவனுக்குச் சொல்லிக் குடுத்தே உன் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சுடி” என்று அம்மா அவளுக்கு மைலோ கலக்கி வைத்தாள்.

தேர்வு நாள் காலையில் அப்பா மகனுக்குத் திருநீறு பூசினார்.

“அவளுக்கும் பூசுங்க அப்பச்சி. அவதானே எனக்கு டீச்சர்!” என்றான் சோலையப்பன். அப்பாவும் சிரித்துக்கொண்டே மகள் நெற்றியில் பூசிவிட்டார்.

“நீயும் வா மெய்யம்மை. நீ வாசல்ல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும். ஐசி அடையாள அட்டையை எடுத்துக்க, கேட்டுல கேப்பாங்க.”

கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறியதும், “பதற்றத்துல எனக்கு எல்லாம் மறந்து போச்சு. நீ சொல்லிக்கிட்டே வா, நான் கேட்டுக்கிறேன்” என்றான். பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்வரை மெய்யம்மை மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

தேர்வு மண்டபத்தின் முன்னால் பிள்ளைகள் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சோலையப்பன் மட்டும் பீசாங் கோரெங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி வாங்கி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பேரு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. கையைத் துடைண்ணே!”

வாசலில் நின்ற மலாய்க்கார அதிகாரி ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

“மெய்யம்மை அனாக் பெரம்புவான் நாச்சியப்பன்!”

மெய்யம்மைக்குக் காது அடைத்தது. “அண்ணே... என் பேரைக் கூப்பிடுறாங்க!”

“நாச்சியப்பன் மகளை வேற எப்படிக் கூப்பிடுவாங்க? பஸ் பாஸுக்குன்னு போட்டோ வாங்கினேன்ல, அதைக் குடுத்துதான் உன் பேரைப் பதிஞ்சேன். போ, போ!”

“அப்ப உன் பரீட்சை?”

“நான் பேரே குடுக்கல. எனக்குக் கடைதான் புடிச்சிருக்கு. அப்பச்சிக்கு வீட்டுலேருந்து ஒரு வக்கீல்தானே வேணும்? அவர்கிட்ட நான் பேசிக்கிறேன் லா.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் இதுக்குப் படிக்கவே இல்லையேண்ணே!”

“படிக்கலையா? போன வருஷம் நான் செஞ்ச தப்பு ஒண்ணு விடாம உன்கிட்ட செஞ்சு காட்டியாச்சு” என்று சிரித்தான் சோலையப்பன். “யோசிச்சுப் பாரு... நீ சரியா விளக்காத அன்னைக்கு மட்டும்தானே நான் அதே தப்பை மறுபடி செஞ்சேன்?”