விளிம்பு வரை தேநீர்

"வீட்டுல யாருக்கும் நாள்பட்ட நோய் கீய் ஒண்ணும் இல்லையே?"

பெண் பார்க்க வந்த இடத்தில், உட்கார்ந்ததும் உட்காராததுமாக முஹய்யோ கேட்டது இதைத்தான். கேட்டால் என்ன தப்பு? ஒரே மகன்.

"அல்லா புண்ணியத்துல எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்" என்றாள் பெண்ணின் அம்மா துர்சுனோய்.

அந்த நேரம் பார்த்து வீட்டு மருமகள் ஓய்ஜமால் கெட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. வந்தவர்கள் முகத்தை மருமகள் ஏறிட்டுப் பார்க்கிற வழக்கம் மர்கிலான் ஊரில் கிடையாது. அதுவரைக்கும் சரிதான்.

ஊற்றினாள் பாருங்கள்! பியாலா என்கிற அந்தக் கைப்பிடியில்லாத கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். தேநீர் தளும்பியது. அந்தப் பியாலாவை இடது கையாலேயே எடுத்து, தேநீர் வழிந்து விரலெல்லாம் ஓட, முஹய்யோவிடம் நீட்டினாள்.

கூட வந்த தங்கை சபோஹத், முஹய்யோவின் காதைக் கடித்தாள்.

"பார்த்தியா அக்கா? கால் பியாலா ஊத்தி, இன்னும் இன்னும்னு உட்கார வைக்காம, ஒரேயடியா நிறைச்சு நீட்டறா. குடிச்சிட்டுக் கெளம்புங்கங்கறா!"

"அதுவும் இடது கையால. கொதிக்கிற டீ கொட்டியும் அசையறாளா பாரு. என்ன திமிர்!" என்று முணுமுணுத்தாள் முஹய்யோ.

துர்சுனோயின் முகம் வெளுத்துவிட்டது. "அடியே, என்ன காரியம் பண்றே?" என்று மருமகளை அதட்டினாள். ஓய்ஜமால் குனிந்தபடியே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முஹய்யோ எழுந்துவிட்டாள். சம்மதம் என்றால் பிய்த்துச் சாப்பிடலாம் என்று கொண்டுவந்த ரொட்டி இரண்டும் அப்படியே கிடந்தன. வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கையைப் பார்த்தே ஆளைச் சொல்றவ நான். இந்தச் சம்பந்தம் சரிப்படாது."

சாயங்காலம் மகன் ஜஸூர் கேட்டான். "அம்மா, நான் கட்டிக்கப் போறது கவ்ஹரை. அவ அண்ணியை இல்ல."

"ஒரு வீட்டோட லட்சணம் டீ ஊத்தற கையில தெரியும்டா."

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். ஆறு பெண்களை வேண்டாம் என்றவன், தானாக வாய்விட்டுக் கேட்ட ஒரே பெண் கவ்ஹர்தான். முஹய்யோவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனாள். முஹய்யோ அங்கே மூட்டு நோய் டாக்டர். பெண் பார்க்கப் போன இடத்தில் அதைச் சொல்லவில்லை. முதல் நாளே பதவியைச் சொன்னால் மரியாதை பதவிக்குத்தான் கிடைக்கும் என்பது அவள் பிடிவாதம்.

ஆஸ்பத்திரி முகமூடி மாட்டியிருந்த முஹய்யோவின் எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். வலது மணிக்கட்டும் விரல் முட்டிகளும் வீங்கிச் சிவந்திருந்தன. இடது கையில் ஒரு வீக்கமும் இல்லை.

"இந்த இடது கையில எப்பவாவது அடிபட்டுச்சா?"

"சின்ன வயசுல கண்ணாடி அறுத்து நரம்பு போயிடுச்சு டாக்டரம்மா. வேலை செய்யும். ஆனா சுட்டாலும் குத்தினாலும் தெரியாது."

முகமூடிக்குள்ளேயே முஹய்யோவுக்கு உற்சாகம் பொங்கியது.

"அதான் விஷயம்! வலி நரம்பு வலியை மட்டும் சொல்லிட்டுச் சும்மா இருக்காதும்மா. மூட்டுல வீக்கத்தையும் கிளறிவிடும். நரம்பு செத்த கையில கிளற ஆளில்ல. நோய் உன் உடம்பு முழுக்க இருந்தும் அந்தக் கை தப்பிச்சுக்கிச்சு."

"தப்பிச்ச கைதான் டாக்டரம்மா என் மானத்தை வாங்கிடுச்சு."

அப்போதுதான் முஹய்யோ பார்த்தாள். இடது கை விரல்களில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. வெந்நீர் பட்ட புண்.

"நாத்தனாரைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா வந்ததுமே, வீட்டுல யாருக்கும் நோய் உண்டான்னு கேட்டாங்க. வீங்கின கையை எப்படி நீட்டுவேன்? சட்டைக் கைக்குள்ள இழுத்துக்கிட்டேன். இந்த இடது கைக்குக் கெட்டில் கனமும் தெரியல, டீ சூடும் தெரியல. வழிஞ்சுடுச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"வீட்டுல சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா நோயாளி வீடுன்னு பேராயிடும். கவ்ஹருக்கு வர்ற அடுத்த இடமும் போயிடுமே! அதான் எங்க பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகாம இவ்வளவு தூரம் வந்தேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டரம்மா."

முஹய்யோவுக்கு வெட்கமாக இருந்தது. முகமூடியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மாத்திரை எழுதினாள்.

"ஆறு வாரம் கெட்டிலைத் தொடக் கூடாது."

"நல்லா சொன்னீங்க போங்க! டீ ஊத்தாத மருமக எங்க ஊர்ல உண்டா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள் ஓய்ஜமால்.

ஞாயிற்றுக்கிழமை, சுடச்சுட இரண்டு ரொட்டியோடு முஹய்யோ மறுபடியும் துர்சுனோய் வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் சபோஹத் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். துர்சுனோய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஓய்ஜமால் கெட்டிலோடு வந்தாள். அதே குனிந்த தலை. வலது கை சட்டைக் கைக்குள்தான் இருந்தது.

முஹய்யோ சட்டென்று எழுந்து கெட்டிலை வாங்கிக்கொண்டாள். ஒரு பியாலாவில் கால் பங்கு ஊற்றினாள். மரியாதையாக இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் அதை ஓய்ஜமாலிடமே நீட்டினாள்.

"அக்கா, என்ன பண்றே?" என்று பதறினாள் சபோஹத்.

முஹய்யோ ஓய்ஜமாலின் காதருகே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆறு வாரம் கெட்டிலைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாளே, அதுக்குள்ள மறந்துட்டியாம்மா?"